காசில்லாப் பள்ளிக்கூடம் – 9: கணக்குப் பார்த்ததில் கிடைத்த கொடை

2000-ஆம் ஆண்டு மார்ச் மாத நடுவில் மைக்கேல் செய்லர் என்ற முப்பத்தைந்து வயதுக் கோடீஸ்வரரின் பெயர் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவர். கைப்பணத்திலிருந்து 10 கோடி டாலர் எடுத்து இணையத்தில் ஒரு பல்கலைக்கழகம் கட்டப்போவதாகச் சொன்னார். பெரிய பெரிய அறிஞர்களைக் கேமரா முன்னால் பேசவைத்துப் பதிவுசெய்வது, அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கவிடுவது. இதுதான் திட்டம். செய்தி அச்சான மை காய்வதற்குள், மார்ச் 20-ஆம் தேதி, அவருடைய கம்பெனி தன் பழைய வருமானக் கணக்குகளைத் திருத்தி வெளியிட வேண்டி வந்தது. லாபம் என்று காட்டியதெல்லாம் நஷ்டமாக மாறியது. 226 டாலரில் இருந்த பங்கு அன்று மாலை 86 டாலர். செய்லரின் சொத்தில் ஒரே நாளில் கரைந்தது சுமார் 600 கோடி டாலர். பல்கலைக்கழகம் பேச்சோடு நின்றது.

இன்று பிட்காயினாக வாங்கிக் குவிக்கிறாரே, அதே செய்லர்தான். பின்னாளில் ஓர் அறக்கட்டளை மூலம் சிறிய அளவில் இலவசப் பாடங்களைத் தரவும் செய்தார் என்பதால் அவரைக் கேலியோடு விட்டுவிட மனம் வரவில்லை.

செய்லர் படித்தது எம்.ஐ.டி.யில். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டனுக்கு எதிரே, சார்லஸ் நதிக்கரையில் கேம்பிரிட்ஜ் ஊரில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். இந்த வாரக் கதை அங்கேதான் நடக்கிறது.

சென்ற அத்தியாயங்களில் வானொலியும் தொலைக்காட்சியும் வகுப்பறைக்கு வெளியே பாடம் கொண்டுபோனதைப் பார்த்தோம். அந்த முயற்சிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அரசாங்கமோ அரசு உதவிபெறும் ஒலிபரப்பு நிறுவனமோ நின்றது. 1990-களின் கடைசியில் இணையம் வந்தபோது காற்று வேறு பக்கம் வீசியது. கல்வி என்பது இனி ஆன்லைனில் விற்கப்படும் சரக்கு, முதலில் கடை போட்டவனுக்குத்தான் லாபம் என்று பல்கலைக்கழகத் தலைவர்களே நம்பினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் ஃபேதம் என்ற பெயரில் ஒரு கம்பெனியே ஆரம்பித்தது. லண்டன் பொருளாதாரக் கல்லூரி, பிரிட்டிஷ் நூலகம், நியூயார்க் பொது நூலகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் எல்லாம் கூட்டாளிகள். நியூயார்க் பல்கலைக்கழகம் தனிக்கடை திறந்தது. ஆக்ஸ்ஃபோர்டும் ஸ்டான்ஃபோர்டும் யேலும் சேர்ந்து ஆல்லேர்ன் என்று ஒன்று தொடங்கின. கதை முடிவை இப்போதே சொல்லிவிடலாம்: நியூயார்க் கடை 2001-லும், ஃபேதம் 2 கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டு 2003-லும், ஆல்லேர்ன் 2006-லும் மூடப்பட்டன. ஆனால் 1999-இல் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

எம்.ஐ.டி.க்கும் அதே பரபரப்புதான். அங்கே பிரவோஸ்ட் என்ற கல்வித் தலைமைப் பொறுப்பில் இருந்த ராபர்ட் பிரவுன், கல்வித் தொழில்நுட்பக் குழு ஒன்றிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். இணையவழிக் கல்வியில் நாம் எங்கே நிற்பது, எதை, யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு கோடையில் கடல்சார் பொறியியல் பேராசிரியர் டிக் யூ தலைமையில் ஒரு சிறு குழு உட்கார்ந்தது. பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனமும் கூட இருந்து கணக்குப் போட்டது. வியாபாரத் திட்டம் தயாரிக்கத்தான் உட்கார்ந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னால் வந்த பாராட்டுரைகளில் இந்தப் பகுதி கொஞ்சம் மங்கிவிடுகிறது.

கணக்கு ஒத்துவரவில்லை. களத்தில் போட்டி அதிகம், ஒரு நல்ல இணையப் பாடத்தைத் தயாரிக்கும் செலவு மிக அதிகம், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செலவு அதைவிட அதிகம். கட்டணம் எவ்வளவு வைத்தாலும் முதல் திரும்பாது போலிருந்தது. விற்க முடியாது என்று முடிவான இடத்தில்தான் குழுவில் அந்தப் பேச்சு எழுந்தது: அப்படியென்றால் சும்மா கொடுத்துவிட்டால் என்ன? பாடத்திட்டம், விரிவுரைக் குறிப்புகள், வீட்டுப்பாடக் கணக்குகள், பழைய வினாத்தாள்கள் என்று எம்.ஐ.டி.யில் நடக்கும் ஏறக்குறைய எல்லாப் பாடங்களின் காகிதங்களையும் பூட்டில்லாமல் இணையத்தில் வைப்பது. அறிவியலும் பொறியியலும் மட்டும் என்றில்லாமல் பொருளாதாரம், மேலாண்மை, இசை, இலக்கியம் உட்பட. பட்டம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கும் வசதி கிடையாது.

கடைசி மூன்று ‘கிடையாது’க்களில்தான் திட்டத்தின் சூட்சுமம் இருந்தது. சமையல் குறிப்பை அச்சடித்துக் கொடுத்தால் ஹோட்டலுக்குக் கூட்டம் குறையாது என்பதைப் போல, எம்.ஐ.டி.யின் கல்லாவுக்கு வரும் காசு குறிப்புகளுக்காக வருவதில்லை என்பதை இந்தக் குழு கண்டுகொண்டது. ஆண்டுக்கு 26,000 டாலருக்கு மேல் கட்டிவிட்டு வருகிற மாணவன், ஆய்வுக்கூடத்துக்கும் ஆசிரியரோடு பழகுவதற்கும் கூடப் படிக்கும் நண்பர்களுக்கும் முடிவில் கையில் வாங்கும் பட்டத்துக்கும்தான் அதைக் கட்டுகிறான். குறிப்புகளை ஊருக்கே கொடுத்தாலும் இது எதுவும் குறையாது. லாபமில்லை என்று தெரிந்தபின் வந்த தாராளம் என்று இதைச் சிலர் குறைத்துச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே லாபமில்லாக் கணக்கு கொலம்பியாவுக்கும் பொருந்தியது. அங்கே கடையை மூடினார்கள், கதவைத் திறந்துவிடவில்லை.

எம்.ஐ.டி.யின் அன்றைய தலைவர் சார்லஸ் வெஸ்ட் ஓர் இயந்திரப் பொறியாளர். யோசனை அவருக்கு உடனே பிடித்துப்போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எம்.ஐ.டி. ஆசிரியர்களின் வகுப்புக் குறிப்புகள்தான் பாடநூல்களாகி மற்ற பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தையே மாற்றின என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நூலாக அச்சேறிப் பரவப் பல ஆண்டு பிடித்த வேலையை இணையம் உடனே செய்யும் என்று அவர் கருதினார். பணத்துக்கு இரண்டு பேரிடம் பேசினார். ஒருவர் நியூயார்க்கில் இருக்கும் ஆண்ட்ரூ மெல்லன் அறக்கட்டளையின் தலைவர் வில்லியம் போவன், மற்றவர் கலிஃபோர்னியாவின் ஹியூலெட் அறக்கட்டளைத் தலைவர் பால் பிரெஸ்ட். இரண்டு இடமும் சேர்ந்து முதல் கட்டத்துக்கு 1.1 கோடி டாலர் தந்தன.

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி ‘ஓப்பன்கோர்ஸ்வேர்’ என்ற பெயர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பத்து ஆண்டில் ஏறக்குறைய 2,000 பாடங்கள். செலவு 10 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார்கள். செய்லர் சொன்ன அதே 10 கோடி! டாட்காம் பங்குகள் சரிந்து, இணையம் என்றாலே முதலீட்டாளர்கள் முகம்சுளித்த நேரம் அது. அந்த நேரத்தில் இணையத்தை நம்பி ஒரு பெரிய நிறுவனம் இலவசமாக எதையோ கொடுக்கிறது என்பதே முதல் பக்கச் செய்தியானது.

உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிரியர்களுக்கு இரண்டு பயம். அரைகுறையாக எழுதிவைத்த குறிப்புகள் உலகத்தின் பார்வைக்குப் போனால் மானம் என்னாவது என்பது ஒன்று. குறிப்புகளை நாளைக்குப் பாடநூலாக்கி விற்கலாம் என்று வைத்திருந்தால் அந்த வாய்ப்பு போகுமே என்பது இன்னொன்று. ஆகவே யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, விருப்பமுள்ளவர் தரலாம், பதிப்புரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்று முடிவானது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் தந்தார்கள்.

தலைவலி வேறு இடத்திலிருந்து வந்தது. ஓர் ஆசிரியர் வகுப்பில் பாடநூலிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் திரையில் காட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதே படத்தை இணையத்தில் ஏற்றினால் பதிப்பகத்தின் வக்கீல் கேட்பார். எம்.ஐ.டி. குறிப்புகளில் இப்படிப்பட்ட படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. ஒரு வளைவரை எந்தப் புத்தகத்தில் வந்தது, ஒரு நுண்ணோக்கிப் படத்தை எடுத்தவர் யார் என்று தேடிப்பிடித்து அனுமதி கேட்பதற்கென்றே தனியாக ஆட்கள் உட்கார்ந்தார்கள். அனுமதி கிடைத்தால் படம் இருக்கும். கிடைக்காவிட்டால் புதிதாக வரைய வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். ஒரு பாடத்தை இணையத்தில் ஏற்ற 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆனது; வீடியோ இருந்தால் ஏறத்தாழ இரட்டிப்பு. காசில்லாமல் கிடைக்கும் பக்கத்துக்குப் பின்னால் இருந்த இந்தக் குமாஸ்தா வேலையைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

வாசகர் இந்தக் குறிப்புகளை என்ன செய்யலாம் என்ற கேள்விக்கும் அதே வளாகத்தில் விடை இருந்தது. கணினி அறிவியல் பேராசிரியர் ஹால் ஏபல்சன் இந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். படைப்புகளைப் பகிர்ந்துகொள்ள உரிமங்கள் வகுக்கும், 2001-இல் பிறந்த கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் நிறுவன இயக்குநர்களிலும் ஒருவர். குறிப்புகளுக்குக் கொடுத்த உரிமம் இது: படிக்கலாம், பிரதி எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். விற்கக் கூடாது, மூலத்தைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் இதே நிபந்தனையில் கொடுக்க வேண்டும். இந்த உரிமத்தால் குறிப்புகள் பின்னால் எங்கெல்லாம் போயின என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

2002 செப்டம்பர் கடைசியில் 32 பாடங்களோடு வெள்ளோட்டம். ஓராண்டில் 500. 2007 நவம்பரில் 1,800. ஏறக்குறைய மொத்தப் பாடத்திட்டமும் ஏறிவிட்டது என்று அறிவித்தார்கள்.

இந்த 1,800-இல் ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பாட எண் 18.06, நேரியல் இயற்கணிதம். ஆசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங். வீடியோ 1999-இல், ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற பெயரே பிறக்காத காலத்தில், எடுக்கப்பட்டது. படம் சுமார்தான். ஒரு கரும்பலகை, கையில் சாக்பீஸ், மெதுவாகப் பேசும் ஒரு மனிதர். முதல் வகுப்பில் இரண்டே சமன்பாடுகள் எழுதுகிறார். இரண்டு எக்ஸிலிருந்து ஓர் ஒய்யைக் கழித்தால் பூஜ்யம். இரண்டு ஒய்யிலிருந்து ஓர் எக்ஸைக் கழித்தால் மூன்று. பத்தாம் வகுப்புக் கணக்கு. அதை முதலில் பத்தாம் வகுப்பு மாதிரியே இரண்டு கோடுகளாக வரைகிறார். வெட்டும் இடத்தில் எக்ஸ் ஒன்று, ஒய் இரண்டு. சரி, முடிந்தது என்று நாம் எழுந்திருக்கப் போகும் நேரத்தில், அதே சமன்பாடுகளைக் கிடைமட்டமாகப் பார்க்காமல் மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்கிறார். எக்ஸின் கெழுக்கள் இரண்டும் சேர்ந்து ஓர் அம்பு. ஒய்யின் கெழுக்கள் இன்னோர் அம்பு. முதல் அம்பில் ஒன்றும் இரண்டாவது அம்பில் இரண்டும் எடுத்து முனையோடு முனை சேர்த்தால், வலது பக்கத்துப் பூஜ்யமும் மூன்றும் குறிக்கும் புள்ளியில் போய் நிற்கிறது. வெறும் விடை தேடுதலாக இருந்தது இப்போது ‘எத்தனை எத்தனை கலந்தால் அந்த இடத்துக்குப் போகலாம்’ என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. மேட்ரிக்ஸ் என்றால் வரிசை வரிசையாக எண் பெருக்கும் சடங்கு என்று நம் பொறியியல் கல்லூரிகளில் படித்து, தேர்வில் தப்பித்து, மறந்தும் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பல ஆண்டு கழித்து மெஷின் லேர்னிங் வேலைக்காக ஸ்ட்ராங்கிடம் வந்து, இதை அன்றைக்கே யாராவது இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆதங்கப்பட்டவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. ஸ்ட்ராங் 61 ஆண்டு எம்.ஐ.டி.யில் பாடம் நடத்திவிட்டு 2023 மே மாதம், 88 வயதில், கடைசி வகுப்பை எடுத்து ஓய்வுபெற்றார்.

இணையத்தில் வைத்தாயிற்று, யார் வந்தார்கள்? மற்ற கல்லூரி ஆசிரியர்கள் வந்து குறிப்புகளை எடுத்துத் தங்கள் வகுப்பில் பயன்படுத்துவார்கள் என்றுதான் எம்.ஐ.டி. எதிர்பார்த்திருந்தது. கணக்கெடுத்துப் பார்த்தபோது ஆசிரியர்கள் ஆறில் ஒரு பங்குதான். மாணவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி, ஏறக்குறைய பாதிப் பேர், எந்தக் கல்லூரியிலும் இல்லாதவர்கள். வேலையில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், சும்மா ஆசைப்பட்டு வந்தவர்கள். யாரை நினைத்துக் கதவைத் திறந்தார்களோ அவர்களைவிட நினைக்காதவர்கள்தான் அதிகம் நுழைந்தார்கள்.

நினைக்காதவர்களில் ஒருவர் தைவானில் இருந்தார். லூசிஃபர் சூ என்ற மொழிபெயர்ப்பாளர். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைச் சீனத்தில் புதிதாக மொழிபெயர்க்க முன்வந்தபோது பதிப்பகத்தோடு ஒரு பந்தயம் போட்டார். 10,000 பிரதிக்குக் குறைவாக விற்றால் எனக்கு ஒரு காசும் வேண்டாம், அதைத் தாண்டினால் ராயல்டி தாருங்கள். சினிமா வந்தது, புத்தகம் பறந்தது, சூ பணக்காரரானார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்து 2004-இல் எம்.ஐ.டி. பாடங்களைச் சீனத்தில் கொண்டுவரும் வேலையை ஆரம்பித்தார். மொழிபெயர்த்தவர்கள் பல நாடுகளில் சிதறிக்கிடந்த தன்னார்வலர்கள். குட்டிச்சாத்தான்களும் மந்திர மோதிரமும் சம்பாதித்துக் கொடுத்த காசு வெப்ப இயக்கவியலுக்குப் போனது. ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிபெயர்ப்புகளை யூனிவெர்சியா என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு பார்த்துக்கொண்டது. தமிழுக்கு ஒரு சூ கிடைக்கவில்லை.

ஆப்பிரிக்காவின் பல கல்லூரிகளில் பிரச்சினை மொழியில்லை, இணைப்பு. ஒரு பக்கம் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம் என்ற வேகத்தில் வீடியோவை நினைத்துப் பார்க்கவே முடியாது. எனவே மொத்தத் தளத்தையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் அதை வைத்து, வெளி இணைப்பு இல்லாமல் மாணவர்கள் படித்தார்கள். நம் ஊரிலும் அன்று நிலைமை பெரிதாக வேறில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, ரியல் பிளேயரில் நின்று நின்று ஓடும் விரிவுரையைப் பார்த்தவர்களுக்கு அது இலவசமாகவா இருந்தது?

கலைப்பாடங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.ஐ.டி. எவ்வளவு முயன்றாலும் அதன் பெயரைக் கேட்டால் கால்குலேட்டர்தான் நினைவுக்கு வரும். அந்த இடத்தை யேல் பிடித்தது. மூடிப்போன ஆல்லேர்னில் வேலை பார்த்த ரோமானியக் கட்டடக்கலைப் பேராசிரியர் டயானா கிளைனர், ஹியூலெட் அறக்கட்டளையின் உதவியோடு 2007 டிசம்பரில் ஓப்பன் யேல் கோர்ஸஸ் தொடங்கினார். குறிப்புகளைவிட முழு வகுப்பின் வீடியோ முக்கியம் என்பது அவர்கள் பிடித்த பிடி. ‘மரணம்’ என்ற தலைப்பில் தத்துவப் பேராசிரியர் ஷெல்லி கேகன் மேஜைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நடத்திய பாடம் சீனாவில் வசன வரிகளோடு சக்கைப்போடு போட்டது.

இனி சென்னைக்கு வருவோம். ஐ.ஐ.டி.களின் இலவசப் பாடத் திட்டமான என்பிடெல் எம்.ஐ.டி.யைப் பார்த்துப் போட்ட சூடு என்று ஒரு பேச்சு உண்டு. காலக்கிரமம் அப்படிச் சொல்லவில்லை. 1999-லேயே ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எம்.களும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரோடு உட்கார்ந்து பேசியதில் உருவான யோசனை அது. எம்.ஐ.டி. அறிவிப்புக்கு முந்தையது. சென்னை ஐ.ஐ.டி.யின் கிண்டி வளாகத்தில் இயக்குநராக இருந்த எம்.எஸ். அனந்த் அதைத் தோளில் சுமந்தார். டெல்லியிலிருந்து சுமார் 20 கோடி ரூபாய் வந்து வேலை தொடங்கியது 2003-இல். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்தன.

நோக்கமும் வேறு. எம்.ஐ.டி. தன்னிடம் இருந்ததை அப்படியே எடுத்துவைத்தது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இங்கே பிரச்சினை கண்ணெதிரே இருந்தது. தெருவுக்குத் தெரு பொறியியல் கல்லூரி முளைத்துக்கொண்டிருந்தது, பாடம் நடத்த ஆசிரியர் இல்லை. நேற்று பி.இ. முடித்தவர் இன்று விரிவுரையாளர். எனவே என்பிடெல் அந்தக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை ஒட்டி, சுமார் நாற்பது வகுப்புகள் கொண்ட முழுப் பாடங்களாகப் படம்பிடித்தது. இணைப்பு இல்லாதவர்களுக்காக அவை தூர்தர்ஷனின் ஏகலைவ்யா அலைவரிசையில் ஒளிபரப்பாயின. பிறகு யூடியூபுக்குப் போயின. ஏகலைவன் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கட்டைவிரல் கதை நினைவிருந்ததா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இரண்டு திட்டங்களுக்கும் ஒரு கடிதம் அடிக்கடி வந்துகொண்டே இருந்தது. பாடத்தை முடித்துவிட்டேன், ஏதாவது சான்றிதழ் தருவீர்களா? எம்.ஐ.டி.யின் பதில், தரமாட்டோம். 2000-ஆம் ஆண்டுக் கணக்கே அந்த மறுப்பின்மேல்தான் நின்றது. என்பிடெல் 2014-இல் மையங்களில் நேரில் தேர்வு வைத்துச் சான்றிதழ் தர ஆரம்பித்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2011 கோடையில், ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் என்ற இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை வீட்டுப்பாடம், தேர்வு, முடிவில் ஒரு கடிதம் என்று முழுசாக இணையத்தில் நடத்தப்போவதாக அறிவித்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் 1,60,000 பேர். அவர்களில் முடித்தவர்கள் எத்தனை பேர், அதைப் பார்த்து யார் யார் கம்பெனி ஆரம்பித்தார்கள் என்பது அடுத்த வாரம்.